படிகத்தின் முகம்

ஆசிரியையைவிட மாணவருக்கு வயது அதிகம். தேவசகாயம் கல்லூரியில் வேதியியல் நடத்தித் தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டி மெஹருன்னிசா.

தேவசகாயம் தன் படிகத்துக்காகத் தாளில் வரைந்த மூலக்கூறு வலை அழகானது. குரோமியத்தைச் சுற்றி ஆக்சலேட். எதிரே கரிம நேர் அயனி. அயனியின் ஹைட்ரஜனை ஆக்சலேட்டின் ஆக்சிஜன் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படத்திலோ இரண்டுக்கும் நடுவே அழையா விருந்தாளியாக ஒரு புள்ளி. தண்ணீர்.

வெறும் இரைச்சல், கருவியின் பிழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை அழித்துவிட்டார். கட்டுரை இருவர் பெயரிலும் போய்விட்டது. நாளை துறைக் கூட்டத்தில் அவர் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

யாராவது அந்தப் புள்ளியைக் கேட்டால்? தன் பெயர் கெட்டது போதாதென்று மேடத்தின் பெயருமல்லவா கெடும்!

உண்மையைச் சொல்லத்தான் மெஹருன்னிசாவின் ஆய்வகத்துக்குப் போனார். வாயில் வந்தது வேறு.

"ஒரு சந்தேகம் மேடம். ஹைட்ரஜன் பிணைப்பு ரொம்பப் பலவீனம். அதை நம்பி எப்படி வலை கட்டுறது? இன்னும் இறுக்கமா ஒண்ணு வேணாமா?"

மெஹருன்னிசா ஆக்சலேட் கரைசலில் கால்சியம் கரைசலை மடமடவென்று ஊற்றினார். வெள்ளையாக மாவுபோல் படிவு இறங்கியது.

"இதுல பிடி எப்படி சார்?"

"இறுக்கம். லேசுல விடாது."

"ஏன் நல்ல படிகமா வரலை?"

வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன பதில்தான். இன்று தயங்கித் தயங்கி வந்தது.

"தப்பா ஒட்டினாலும்... அப்படியே இறுகிடுது மேடம். திருத்திக்க வழியில்லை."

மெஹருன்னிசா தேவசகாயத்தின் படிகத்தையே இடுக்கியில் எடுத்தார். "அப்போ இது?"

"முதல்ல தப்பாத்தான் ஒட்டியிருக்கும். பலவீனமான பிடிங்கிறதால விட்டுட்டு, மறுபடி சரியா..."

அதற்கு மேல் முடியவில்லை.

"நடுவுல தண்ணி இருந்துச்சு மேடம். நான்தான் அழிச்சேன்."

மெஹருன்னிசா இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. இத்தோடு எல்லாம் போயிற்று என்று தேவசகாயம் நினைத்தார்.

"நாளைக்கு எழுந்து நின்னு இதைச் சொல்லிட்டா, அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு மேடம் நான்..."

மெஹருன்னிசா படிகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அதன் பட்டை முகங்கள் ஒவ்வொன்றாக மின்னின.

"தப்பாப் பிடிச்சதை விட்டதுனாலதான் சார், இதுக்கு முகமே வந்துச்சு."