அவள் வாயில் ஒரு சிரிப்பு

"கெட்ட காட்சிக்கு நல்ல குரல் கொடுக்கிறது தப்பாக்கா?"

வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரின் மாடிப்படியில் நின்றுகொண்டு நறுமுகை இதைக் கேட்டாள். கேட்டது பிலோமினாவிடம். தமிழ்நாட்டில் பிலோமினாவின் முகம் யாருக்கும் தெரியாது, குரல் தெரியாதவர்கள் குறைவு. எத்தனையோ கதாநாயகிகள் அவள் தொண்டையால்தான் காதலித்தார்கள், அழுதார்கள், செத்தும் போனார்கள். நறுமுகைக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

பிலோமினா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"உள்ளே ஏசி போட்டிருப்பாங்க. துப்பட்டாவைக் கழுத்துல சுத்திக்க" என்றாள்.

நறுமுகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அக்கா எப்போதும் இப்படித்தான். தலை போகிற கேள்வியைக் கேட்டால் தொண்டையைப் பார்த்துக்கொள் என்பாள்.

நறுமுகைக்கு இருபத்திரண்டு வயது. உலகத்தில் எது நடந்தாலும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும், கேட்காவிட்டாலும் கிடைக்கும். கல்யாண மண்டபத்தில் சாதிப் பெருமை பேசும் பாட்டைப் போட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். நிறத்தைக் கூட்டும் க்ரீம் விளம்பரத்துக்குக் குரல் கேட்டு வந்தவர்களைத் திட்டி அனுப்பியவள். சினிமாவில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று தன் போனில் பேசி வீடியோ எடுத்து வாரம் தவறாமல் வெளியிடுவாள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். அவள் சொன்னதில் பெரும்பாலும் தப்பு கிடையாது. அதுதான் அவளோடு பழகுவதில் இருந்த சிரமமே.

இப்போது அவளே மாட்டிக்கொண்டிருந்தாள்.

படத்தின் கதாநாயகி வடக்கே எங்கிருந்தோ வந்த புதுப்பெண், தமிழ் தெரியாது. அவளுக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பு, பிலோமினா சொன்னதன் பேரில், நறுமுகைக்கு வந்தது. ஒரு கதாநாயகிக்கு அவள் பேசும் முதல் படம். முழுப்படமும் பேசி முடித்தாயிற்று. ஒரே ஒரு காட்சி பாக்கி, அதில் வசனம்கூடக் கிடையாது. பேருந்து நிலையத்தில் ஊரே பார்க்கக் கதாநாயகன் அவளைக் கன்னத்தில் அடிக்கிறான். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரிக்கிறாள். அந்த அடியில்தான் அவளுக்குக் காதல் பிறக்கிறதாம். அடுத்த நொடி கடற்கரையில் பாட்டு.

நறுமுகை கொடுக்க வேண்டியது அந்தச் சிரிப்பு மட்டும்.

கொடுத்தால் இத்தனை நாள் பேசியதெல்லாம் பொய். மறுத்தால் அவள் பேசியது முழுவதையும் அழித்துவிட்டு வேறொரு பெண்ணைப் பேச வைப்பார்கள். வரவேற்பறையைத் தாண்டும்போது பார்த்தாள். ஒரு பெண் மடியில் வெந்நீர் பாட்டிலோடு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயக்குநர் தயாளனும் சவுண்ட் இன்ஜினியர் இஸ்மாயிலும் இருந்தார்கள். அந்தப் பக்கம் மைக் இருக்கும் சின்ன அறை. நறுமுகை அதற்குள் போகவில்லை.

"சார், இந்தச் சிரிப்பை நான் கொடுக்க மாட்டேன்."

தயாளன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். தூங்காத கண்கள்.

"ஏம்மா?"

"அடிச்சா பொண்ணுங்களுக்குப் பிடிக்கும்னு சொல்ற காட்சி இது. இதைப் பார்த்துட்டு நாளைக்கு ஒருத்தன் ஒரு பொண்ணை அடிப்பான். அதுல எனக்குப் பங்கு வேணாம்."

"படத்தைப் பார்த்து அடிப்பானா? அப்போ சாமி படம் பார்த்தவனெல்லாம் இந்நேரம் காவி கட்டியிருக்கணுமே."

"எல்லா டைரக்டரும் இதையேதான் சார் சொல்றாங்க."

இஸ்மாயில் குனிந்து, சரியாகவே இருந்த ஒரு வயரைச் சரிசெய்தார்.

தயாளனுக்கு முகம் சிவந்தது. அவர் நறுமுகையை விட்டுவிட்டுப் பிலோமினாவைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், நீங்க சொன்ன பொண்ணுன்னுதான் சரின்னேன். ரிலீஸ் தேதி சொல்லியாச்சு. புரொடியூசர் காலையிலேர்ந்து போன் போட்டுக்கிட்டே இருக்காரு. நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ளே பேசி வைங்க. இல்லேன்னா வெளியே உட்கார்ந்திருக்கிற பொண்ணை உள்ளே கூப்பிடுறேன்."

கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஒலி புகாத அந்தக் கதவைச் சத்தமாக அறைந்து சாத்த முடியாது. முடிந்திருந்தால் சாத்தியிருப்பார்.

"இப்பவாவது சொல்லுங்கக்கா. தப்பா இல்லையா?"

பிலோமினா அவள் கையைப் பிடித்து மைக் அறைக்குள் அழைத்துப் போனாள். கண்ணாடி வழியாக இஸ்மாயிலுக்குக் கை காட்டினாள்.

"தம்பி, சத்தம் இல்லாம ஓட்டுங்க."

திரையில் பேருந்து நிலையம். கை வீசியது. அந்தப் பெண்ணின் தலை திரும்பியது. பிறகு அவள் முகம் திரை முழுக்க நின்றது.

"என்ன பண்றா?"

"அடி வாங்கிட்டுச் சிரிக்கிறா. அதனாலதான் நான் சொல்றேன், இந்த மாதிரி..."

"உன் கருத்தைக் கேட்கலை. அவ என்ன பண்றான்னு கேட்டேன்."

மறுபடி ஓடியது.

"உதட்டை விரிக்கிறா."

"பல்லு?"

"மூடியிருக்கு."

மறுபடி ஓடியது.

"கண்ணு?"

நறுமுகை திரைக்குப் பக்கத்தில் போனாள். இந்தக் காட்சியை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இதைப் பற்றி என்னென்ன பேசலாம் என்று குளிக்கும்போதுகூட யோசித்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் கண்ணை இப்போதுதான் பார்த்தாள்.

"ஹீரோவைப் பார்க்கலை. கேமராவுக்குப் பின்னாடி யாரையோ பார்க்குது."

"தொண்டை?"

"முழுங்குறா."

நறுமுகைக்குக் குளிர் எடுத்தது. ஏசியினால் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அக்கா, இவ சிரிக்கவே இல்லைக்கா."



தயாளன் திரும்பி வந்தார். நின்றபடியே கேட்டார்.

"என்ன, முடிவாயிடுச்சா?"

நறுமுகை வாயைத் திறப்பதற்குள் பிலோமினா வெளியே போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், எப்படிச் சிரிக்கணும்னு பொண்ணுக்குப் பிடிபடலை. நீங்க ஒரு தடவை மைக்குல சிரிச்சுக் காட்டிட்டீங்கன்னா பிடிச்சுக்குவா."

நறுமுகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா தன்னை விட்டுக்கொடுத்துவிட்டாள். இத்தனை நாள் அம்மாவுக்கு மேலாக நினைத்தவள், டைரக்டர் முறைத்ததும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டக்கூடாதென்று மைக் அறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றாள்.

நடித்துக் காட்டச் சொன்னால் எந்த இயக்குநரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தயாளன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். ஹெட்போனை மாட்டினார்.

"ரொம்ப சிம்பிள்மா. வெட்கமும் வேணும், திமிரும் வேணும். பாரு."

படம் ஓடியது. அவர் சிரித்தார்.

"சார், உதட்டுல உட்காரலை" என்றார் இஸ்மாயில்.

"திரும்பப் போடு."

இந்தத் தடவை சின்னதாகச் சிரித்தார். அவளுடைய வாய் ஒன்று செய்தது, அவருடைய சிரிப்பு வேறொன்று செய்தது.

"இன்னும் தள்ளி நிக்குது சார்."

"திரும்பப் போடுய்யா."

மூன்றாவது தடவை அவர் சிரிப்பை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார். திரையில் அந்த முகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மைக்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொரு தடவை ஓட்டவா சார்?"

"வேணாம்."

நறுமுகை சுவரிலிருந்து திரும்பினாள்.

"அன்னிக்குக் கை நிஜமாவே பட்டுடுச்சு" என்றார் தயாளன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மைக் அதை எல்லாருக்கும் கொண்டுவந்து சேர்த்தது. "ஹீரோ சாருக்கு டைமிங் தப்பிடுச்சு. நான் கட் சொல்லலை. அந்தப் பொண்ணும் நிறுத்தலை. அடிச்சதும் சிரிக்கணும்னு சொல்லியிருந்தேன் இல்லையா, அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு உதட்டை விரிச்சிருக்கு."

ஹெட்போனைக் கழற்றி மைக்குக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"அப்புறம் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தோம். ஓகேவான்னு கேட்டேன். ஓகேன்னு சொல்லுச்சு. டேக் நல்லா வந்திருந்துச்சு. அதையே வெச்சுக்கிட்டேன்."

அவர் வெளியே வந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். போன் அடித்தது, எடுக்கவில்லை.

"சரி, சிரிப்பு வேணாம். அந்த முகத்துல என்ன இருக்கோ அதையே கொடு. பார்ப்போம். சரியா வரலேன்னா மியூசிக்கை ஏத்தி மூடிடுவேன்."

நறுமுகையால் நம்ப முடியவில்லை. அக்காவைப் பார்த்தாள். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை வாதாடாமல் ஒரு டைரக்டரைக் கவிழ்த்திருக்கிறாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது நறுமுகைக்கு. அதற்கு நேரமில்லை. மைக் அறைக்குள் ஓடினாள்.

ஹெட்போன், மைக், திரை. இஸ்மாயில் விரலால் மூன்று, இரண்டு, ஒன்று என்று காட்டினார்.

கை வீசியது. முகம் வந்தது.

நறுமுகை பல்லைக் கடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலத்தைத் தூக்கினாள். வாரா வாரம் போனில் பேசித் தீராத கோபமெல்லாம் அதில் ஏறிக்கொண்டது. பேருந்து நிலையங்களிலும் கல்லூரி வாசல்களிலும் அடிபட்ட பெண்கள் எல்லாரும் அதற்குள் வந்து நின்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஸ்மாயில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயாளன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பிரமாதம்மா! தியேட்டரே அதிரும். கைதட்டு விழும் பாரு. பாட்டைத் தூக்கிடறேன், இடைவேளையையே இங்கே வெச்சுடறேன். ஓகே, இதையே வெச்சுக்கலாம்."

அவர் அப்போதே புரொடியூசருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

நறுமுகை சிரித்தாள். ஜெயித்துவிட்டாள். கொள்கையும் கெடவில்லை, படமும் கையை விட்டுப் போகவில்லை. இன்று சாயங்காலமே இதைப் பற்றிப் பேசலாம். எப்படித் தொடங்குவது என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஹெட்போனில் பிலோமினாவின் குரல் வந்தது.

"இன்னொரு டேக்."

நறுமுகைக்குச் சிரிப்பு நின்றது.

"ஏங்க்கா? உதட்டுல உட்காரலையா?"

"உட்கார்ந்துச்சு."

"சத்தம் கூடிடுச்சா?"

"இல்லை."

"சாரே ஓகே சொல்லிட்டாருக்கா."

"சொல்லிட்டாரு."

தயாளன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நல்லாத்தானே இருக்கு? விட்டுடுங்க. எதுக்குக் குழப்பிக்கிட்டு?"

பிலோமினா அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக நறுமுகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டும்போது வரும் முகமாக அது இல்லை. அதனால்தான் நறுமுகைக்குப் பயமாக இருந்தது.

"எதுல தப்புன்னு சொல்லுங்கக்கா!" நறுமுகையின் குரல் உடைந்தது. "அவளுக்காகத்தானே கத்துனேன்? அவ பட்டதைத்தானே சொன்னேன்? இதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?"

பிலோமினா பட்டனை அழுத்திக்கொண்டு மைக்கில் குனிந்தாள்.

"அவரு அவளைச் சிரிக்கச் சொன்னாரு. நீ கத்தச் சொல்றே. அவ என்ன சொல்றான்னு இன்னும் ஒருத்தரும் கேட்கலை."