சொந்தப் பாட்டில் பூஜ்யம்

வேங்கைநாட்டு அரசர் வீரகேதுவுக்கு ஒரே மகள். அவளுக்குக் கவிதை சொல்லிக்கொடுத்தவள் அரசவைக் கவிஞர் ஏலங்குழலி. பாடம் நடக்கும் மண்டபத்தில் எந்நேரமும் கும்மாளம்தான். தலைமைப் புலவர் கொழுந்தப்பருக்கு அது பொறுக்கவில்லை.

"அரசே, இளவரசியார் சிரிக்கிறார், படிக்கவில்லை. குழலிக்குப் பாட்டு எழுதத்தான் தெரியும், பொருள் தெரியாது. அவள் பாட்டிலேயே பரீட்சை வைக்கிறேன். தோற்றால் நாளை முதல் நானே ஆசிரியர்!"

அரசருக்கு வேடிக்கை பார்க்க ஆசை. "ஆகட்டும்" என்றார்.

சபை கூடியது. குழலியின் பாட்டைப் புலவரே படித்தார்.

"தவளைக்குக் குரல் கொடுத்த வானம்
தனக்கென்று வைத்துக்கொண்டது இடியை."

"சொல், தவளை என்பது யார்?"

"தவளைதான், ஐயா."

"தவறு! சிற்றரசன். வானம்?"

"மேலே இருக்கிறதே, அதுதான்."

"தவறு! பேரரசன். இடி?"

"கேட்டால் பயமாக இருக்கும்."

"தவறு! வரிவிதிப்பு. பூஜ்யம்!"

சபை கொல்லென்று சிரித்தது. இளவரசிக்கோ கண் கலங்கிவிட்டது. குழலி கைகூப்பினாள்.

"தோற்றேன், அரசே. போகுமுன் ஒரு புதுப் பாட்டு."

"பாடு."

"மீசையை முறுக்கிப் புலவர் வந்தார்,
பாட்டுக்கு உள்ளே காலை வைத்தார்,
கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டு
பாட்டு போச்சே ஓட்டம் பிடிச்சு!"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். கிரீடம் சாய்ந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டார்.

குழலி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். "அரசே, இப்போது ஏன் சிரித்தீர்கள்? ஐந்து காரணங்கள் கூறுக. கொல்லை எதைக் குறிக்கிறது? கதவு எதைக் குறிக்கிறது?"

அரசர் விழித்தார். "அது... வந்து... பாட்டு ஓடிற்று இல்லையா... சிரிப்பு வந்துவிட்டது அம்மா, அவ்வளவுதான்!"

குழலி சட்டென்று திரும்பினாள். "ஐயா, இந்த விடைக்கு எத்தனை மதிப்பெண்?"

"பூஜ்யம்!" என்று முழங்கினார் புலவர், பழக்கதோஷத்தில்.

அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டார். சபையே அரசர் முகத்தைப் பார்த்தது.

அரசர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "நானும் தோற்றேன் குழலி! ரசித்தவன் தோற்கிற பரீட்சை எனக்கு எதற்கு? என் மகள் உன்னிடமே படிக்கட்டும். இந்தா, முத்துமாலை. புலவரே, நாளை முதல் நீரும் போய் அவள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும்!"

புலவர் தலைகுனிந்து வணங்கினார். வாசல்வரை போனவர் தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பரீட்சை எப்போது, அரசே?"