மடத்துக் காரின் கறுப்புச் சக்கரங்கள்

"வரமாட்டேங்குது, மாதாஜி," என்றார் தில்லைநாயகம்.

அவர் விரல் நுனியெல்லாம் கறுப்பு. மடத்துக் காரின் சக்கரங்களுக்கு அவரே அடித்த ரப்பர் பெயிண்ட் அது. வேண்டாமென்றால் தோல் மாதிரி உரித்துவிடலாம் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். இப்போது நகக்கண் அளவுக்குப் பிய்ந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அது குமுதவல்லி என்கிற அம்மாளின் ஒரே மகன் பிரகதீஷ் ஓட்டிய கார். அவன் காய்ச்சலில் போன பிறகு, அதை வாசலில் வைத்துக்கொண்டு பார்க்க முடியவில்லை என்று அவளும் கணவரும் மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளியாய் மின்னும் சக்கரங்கள். பையன் முதல் சம்பளத்தில் வாங்கி மாட்டியவை.

துறவிகளின் வண்டிக்கு இத்தனை மினுக்கு எதற்கு, ஊர் பேசுமே என்று தில்லைநாயகத்துக்குப் பட்டது. யாரையும் கேட்காமல் கறுப்பு அடித்துவிட்டார். மின்வாரிய வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்தான். ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

நாளைக்குப் பையனின் திதி. இடையில் கணவரும் போய்விட, குமுதவல்லி தனியாக வருகிறாள். மகனின் வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

கத்தியால் சுரண்டட்டுமா என்று கேட்டார். அடியில் இருக்கும் பளபளப்பும் சேர்ந்து போகும் என்றார் மாதாஜி. தின்னர் போட்டால்? அதற்கும் அதே பதில்தான். மடத்துத் தலைவியான மாதாஜி அவரைவிட வயதில் இளையவர். இந்த வழிக்கு வருமுன் சேலத்தில் அப்பாவின் பெயிண்ட் பட்டறையை நடத்தியவர்.

"எத்தனை கோட்டு அடிச்சீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. மெல்லிசா. எடுக்கும்போது சுலபமா இருக்கட்டும்னு."

மாதாஜி சிரித்துவிட்டார். பிறகு மிச்சமிருந்த ஸ்ப்ரே டப்பாக்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அடிங்க."

"எடுக்கணும், மாதாஜி."

"அதுக்குத்தான் சொல்றேன். கெட்டியா அடிங்க."

கேலி என்றுதான் நினைத்தார். ஆனாலும் அடித்தார். காயவிட்டு, மறுபடி அடித்தார். சக்கரங்கள் முன்னைவிடக் கறுத்துப்போயின.

காலையில் மாதாஜி வந்து, ஒரு சக்கரத்தின் ஓரத்தை நகத்தால் லேசாக நிமிண்டிவிட்டுப் போய்விட்டார்.

தில்லைநாயகம் அந்த ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். புதுப் பூச்சு பழையதையும் இழுத்துக்கொண்டு, கறுத்த பாலாடை மாதிரி ஒரே துண்டாக வந்தது. அடியில் வெள்ளி. ஒரு கோடு விழவில்லை.

நாலாவது சக்கரத்தில் அவர் கை நின்றது. விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கறுப்பு அடித்த அவசரத்தில் அவர் கண்ணில் படாதது. அல்லது, பட்டும் அவர் பொருட்படுத்தாதது.

பாலிஷை எடுத்துக்கொண்டு வந்து தேய்க்க உட்கார்ந்தார்.

"அதை விடுங்க," என்றார் மாதாஜி.

"அந்தம்மா பார்த்தா?"

"பார்க்கட்டும்."

குமுதவல்லி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மின்னுகிற மூன்று சக்கரங்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாலாவதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவினாள்.

கோயில் முக்குத் திருப்பத்தில் நடைபாதைக் கல்லில் உரசியதாம். வீடு வருகிற வரைக்கும் பையனைத் திட்டிக்கொண்டே வந்தாளாம். அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினானாம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் என்றாள்.



"பிரகதீஷோட அப்பா பொங்கல் கழிஞ்சு இங்க வந்தாரு, சாமி," என்றாள் தில்லைநாயகத்திடம். "இந்தக் கீறலைத் தேடித்தான் வந்தாரு. திரும்பி வந்து, அது இல்ல வல்லி, சக்கரமே கறுப்பா இருக்கு, நம்ம புள்ள கைபட்டதையெல்லாம் அழிச்சுட்டாங்கன்னாரு. அதுக்கப்புறம் மடத்துப் பேச்சையே எடுக்கலை. சாகுற வரைக்கும்."

முந்தானையால் கீறலைத் துடைத்தாள்.

"பாருங்க, இங்கதானே இருக்கு. பாவம், மனுசனுக்குக் கண்ணு போயிருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

தில்லைநாயகம் மாதாஜியைப் பார்த்தார். மாதாஜி வேறெங்கும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றார் தில்லைநாயகம்.