கண்டதும் வருவோம்

மூன்று மலைநாடுகளுக்கும் பகைவன் ஒருவனே. அதனால் மூன்றும் கூடி ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டன. ஆபத்து வந்தவர் கோட்டை உச்சியில் தீ மூட்ட வேண்டும். அடுத்தவர் அதைக் கண்டதும் தம் உச்சியிலும் மூட்டிவிட்டுப் படையோடு ஓட வேண்டும். 'தீயைக் கண்டதும் வருவோம்' என்று மூன்று அரசர்களும் சத்தியம் செய்தார்கள். 'கண்டதும்' என்ற சொல்லைப் போட்ட எழுத்தர் பாவம், நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார்.

நடுநாட்டுத் தளபதி வெண்ணாகன் தன் ஆசிரியர் பதுமனாரைத் தேடி வந்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முற்றம் நிறைய மேலைநாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி அடுக்களைக்கு வருவதற்குள் வெண்ணாகன் கூனிக் குறுகிப் போனான்.

ஆசிரியர் அவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மேலைநாட்டுத் தூதுப்பெண் என்னோடு வந்து வாசலில் காத்திருக்கிறாள், ஐயா. அவர்கள் தளபதி ஒன்றே ஒன்றுதான் கேட்டனுப்பியிருக்கிறார். 'எங்கள் தீயைப் பார்த்தீர்களா?' பார்க்கவில்லை என்று சொல்லிவிடச் சொல்கிறார் அரசர். அது பொய்யில்லையே?"

"அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார். நடந்ததைச் சொல்."

அவன் சொன்னான். நான்கு நாளைக்கு முன் அந்தி நேரம். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மேலைக்கோட்டை உச்சி சிவந்திருக்கிறது என்று காவலன் ஓடி வந்தான். காட்டுத் தீயாக இருக்கும் என்றான் வெண்ணாகன். காவலன் மறுபடியும் வந்தான். வெண்ணாகன் மோர் ஊற்றச் சொன்னான். கோபுரத்தில் ஏறவில்லை. ஏறிப் பார்த்தால் போக வேண்டிவரும். தன் கோட்டைச் சுவரோ பாதி கட்டியபடி கிடந்தது. அவன் தீ மூட்டாததால் கீழைநாட்டுக்கும் சேதி போகவில்லை. விடிவதற்குள் மேலைக்கோட்டை விழுந்தது.

போன வருஷம் இதே பகைவன் நடுநாட்டை வளைத்தபோது மேலைநாட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தார்கள். சண்டை முடிந்த பிறகுதான் வெண்ணாகனின் குளத்தில் கை கழுவினார்கள். விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. இதைச் சொல்லும்போது அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆசிரியர் அடுப்பில் விறகைத் தள்ளினார். வெண்ணாகன் சற்று முன்னால் நகர்ந்தான். பிறகு இன்னும் கொஞ்சம்.

"ஏன் நகர்கிறாய்?"

"முதுகு சுடுகிறது, ஐயா."

"திரும்பிப் பார்த்தாயா?"

"இல்லை."

சொன்ன பிறகு அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஆசிரியர் ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றி அவன் கையில் கொடுத்தார்.

"அந்தப் பெண் இன்னும் சாப்பிடவில்லை. கொண்டுபோய்க் கொடு. பார்க்கவில்லை என்றே சொல், பொய்யில்லை. முதுகு சுட்டதையும் சேர்த்துச் சொல்."