பேசிய அல்லிக்குளம்

ஒரு காட்டில், மூன்று பக்கமும் கரும்பாறை சூழ்ந்த பள்ளத்தில், அல்லிக்குளம் ஒன்று இருந்தது. அங்கே காற்று அதிகம் நுழையாது. ஒரு இலை அசைந்தால்கூட, அது ஏன் அசைந்தது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

அந்தக் குளத்தில் மடுவி என்ற நீர்நாய் வாழ்ந்தது. ஓயாத உழைப்பாளி. பங்குனி மாதத்தில், மானின் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வற்றியதும், மடுவி சேற்றில் இறங்கி அல்லிக் கிழங்குகளைத் தோண்டி எடுக்கும். கரையில் சிலிர்ப்பன் என்ற முள்ளம்பன்றி காத்திருக்கும். அது கிழங்கைப் பல்லால் துண்டு போடும். அழுகியதை எறிந்துவிட்டு, இருவரும் நல்ல முளையுள்ள சில துண்டுகளை மட்டும் தள்ளித் தள்ளிச் சேற்றில் நடுவார்கள். மிச்சமெல்லாம் சிலிர்ப்பனுக்கு விருந்து. சிலிர்ப்பனின் பற்கள் உறுதியானவை, நெஞ்சுதான் கோழை.

அதே குளத்தில் நெடுவாலன் என்ற இலைக்கோழியும் குடியிருந்தது. நீண்ட விரல்களை ஊன்றி இலைவிட்டு இலை நடக்கும். இலைமேலேயே கூடு கட்டும். தன் இலைகளில் ஒன்று குறைந்தாலும் அதற்குப் பொறுக்காது.

"ஒவ்வொரு வருடமும் என் வீட்டைப் பிய்த்தெறிகிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?" என்று அது மடுவியிடம் சண்டை போட்டது.

"பிரித்து நடாவிட்டால் கிழங்கு நெருங்கிப்போகும், நெடுவாலா. இலை மேல் இலை ஏறும். தண்ணீருக்கு மூச்சு முட்டும்," என்றது மடுவி.

"தண்ணீருக்கு மூச்சாம்!" நெடுவாலன் சிரித்தது. ஆனால் அதன் மனத்தில் ஒரு திட்டம் உருவாகிவிட்டது.

அந்தப் பங்குனியில் ஒரு நாள், உச்சிப்பொழுது. நிழல்கள் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கிய நேரம். மடுவி ஒரு பெரிய கிழங்கைக் கரையில் கொண்டுவந்து போட்டது. கறுத்து, உருண்டு, ஈர வேர்கள் முடிபோலத் தொங்க, அது வெட்டிய தலையைப் போலவே கிடந்தது. சிலிர்ப்பன் வாயைத் திறந்து பல்லை வைத்தது.

"வெட்டா...தே..."

குரல் குளத்துக்குள்ளிருந்து வந்தது. சிலிர்ப்பனின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

"என் தலையை வெட்டாதே... வெட்டினால்... உன் தலையை நான் கேட்பேன்..."

சிலிர்ப்பன் கிழங்கைப் போட்டுவிட்டுப் பாறைகளுக்கு இடையே ஓடி மறைந்தது. தண்ணீர் குடிக்க வந்த மான்களும் அதைக் கேட்டன. மாலைக்குள் காடு முழுக்கச் செய்தி பரவியது. குளம் பேசுகிறதாம்! தலை கேட்கிறதாம்!

கோரைப்புதருக்குள் ஒளிந்திருந்த நெடுவாலன், தான் வாய்வைத்துப் பேசிய உள்ளீடற்ற நாணல் தண்டைக் கீழே போட்டுவிட்டு, சந்தோஷத்தில் வாலை ஆட்டியது.

சிலிர்ப்பன் இல்லாமல் மடுவியால் தனியாக எவ்வளவு செய்ய முடியும்? அது எடுத்த கிழங்கை அப்படியே சேற்றில் வைத்துவிட்டு, கீழே ஓடும் ஆற்றுக்குப் போய்விட்டது. அவ்வப்போது மட்டும் குளத்தை வந்து எட்டிப் பார்க்கும்.

இரண்டு பங்குனிகள் கடந்தன. யாரும் கிழங்கைத் தொடவில்லை.

இலைகள் பெருகின. முதலில் குளத்தை மூடின. பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மடங்கி, தண்ணீருக்கு மேலே கைகளைப்போல நிமிர்ந்து நின்றன. அத்தனை இலைக்கும் நடுவே ஒரு பூவும் இல்லை. தவளைகள் ஒவ்வொன்றாகப் பாட்டை நிறுத்தின. மீன்கள் இலை விளிம்புகளில் வாயை நீட்டித் திறந்து திறந்து மூடின. ஒரு நாள் அவையும் இல்லை. இலைகளுக்கு அடியில் மட்டும் 'குபுக்... குபுக்...' என்று ஏதோ மூச்சு விட்டது.

நெடுவாலனுக்கும் சில நேரம் முதுகு சிலிர்த்தது. 'வெறும் குமிழிதான்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தது.

ஆவணியில் அதன் கூட்டில் நான்கு குஞ்சுகள் பொரிந்தன. இலைக்கோழிகளில் குஞ்சுகளை வளர்ப்பது தகப்பன்தான். நெடுவாலன் அவற்றைச் சிறகுக்குள் அணைத்தே வளர்த்தது.

ஒரு காலையில் பருந்தின் நிழல் குளத்தைக் கடந்தது. "முழுகுங்கள்!" என்று நெடுவாலன் கத்தியது. நான்கும் இலைகளுக்கு இடையே பாய்ந்து தண்ணீருக்குள் மறைந்தன. பருந்து போய்விட்டது.

"வாருங்கள், செல்லங்களே!"

ஒன்றும் வரவில்லை. அவை நுழைந்த இடைவெளியை இலைகள் நழுவி மூடியிருந்தன. அடியில் தண்டுகள் வலைபோலப் பின்னிக் கிடந்தன. நெடுவாலன் அலகால் இலைகளைக் குத்தியது, இழுத்தது. ஒன்றை விலக்கினால் கீழே இன்னொன்று இருந்தது.

அப்போது அடியிலிருந்து குரல் வந்தது. தண்ணீர் நிறைந்த, தேய்ந்த குரல்.

"அப்பா... அப்பா..."

"யாராவது வாருங்கள்! என் பிள்ளைகள்!" என்று நெடுவாலன் அலறியது.

பாறைமேல் சிலிர்ப்பன் தலையை நீட்டியது. குரலைக் கேட்டதும் பின்வாங்கியது. "குளம் பேசுகிறது! தலை கேட்கத்தான் பேசுகிறது! நான் வரமாட்டேன்!"

"அது குளம் இல்லை, என் குஞ்சு!"

"அன்றைக்கும் இப்படித்தான் பேசியது!"

அடியில் குரல் இன்னும் தேய்ந்தது.

"அன்றைக்குப் பேசியது நான்!" என்று நெடுவாலன் கத்தியது. "நாணலை வைத்து நான்தான் பேசினேன். குளம் எப்போதும் பேசியதில்லை!"

சிலிர்ப்பன் திகைத்து நின்றது. ஆனால் குளத்தைப் பார்க்க வந்திருந்த மடுவி எந்தக் கேள்வியும் கேட்காமல் தண்ணீரில் பாய்ந்தது.

உள்ளே ஒரே கறுப்பு. வழவழத்த தண்டுகள் கழுத்தையும் கால்களையும் சுற்றின. கடித்துக் கடித்து மடுவி வழி செய்தது. சிலிர்ப்பனும் நடுங்கியபடியே இறங்கி, கரையோரத் தண்டுகளை வெட்டி இழுத்தது. ஒரு குஞ்சு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது மூச்சில்லாமல் வந்து, வெயிலில் நெடுநேரம் கிடந்து, ஒருமுறை விக்கியது.

நான்காவதைத் தேடி மடுவி பொழுது சாயும்வரை முழுகியது. அது கிடைக்கவே இல்லை.

பருவம் தவறியும் அந்த ஆவணியிலேயே மடுவியும் சிலிர்ப்பனும் கிழங்குகளைப் பிரித்தார்கள். பாதிக் கிழங்குகள் உள்ளே கூழாகியிருந்தன. பிழைத்தவற்றைத் தள்ளித் தள்ளி நட்டார்கள். குளத்தில் வானம் மறுபடி தெரிந்தது.

அடுத்த பங்குனியில் மடுவி கிழங்கைக் கரையில் கொண்டுவந்து போட்டது. சிலிர்ப்பன் பல்லை வைக்காமல், தயங்கி நெடுவாலனைப் பார்த்தது.

"வெட்டு," என்றது நெடுவாலன். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே, "மடுவி, அந்தக் கோரைப் பக்கம் இன்னும் நெருக்கமாக இருக்கிறது. அங்கேயும் எடுத்துவிடு," என்றது.

நீதி: குறைக்க வேண்டியதைக் குறைக்கவிடாமல் பொய் சொல்லித் தடுப்பவர், தாம் காக்க நினைத்ததையே பறிகொடுப்பார்.