மந்திரி தெருவின் வெயில்

முத்தலைப்பட்டினத்தை ஆண்ட வீரகேது மன்னருக்கு அந்தக் கோடையில் ஒரே கவலை. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. ஊரில் எங்கே வெயில் அதிகமோ அங்கே குளம் வெட்டி, கரையெல்லாம் மரம் வைப்பது என்று முடிவு செய்தார்.

"அப்படியானால் என் தெருதான், அரசே," என்றார் மந்திரி மாணிக்கராயர். "நெருப்பாய்க் கொதிக்கிறது. கால் வைக்க முடியவில்லை."

சபையில் விகடம் சொல்லும் கோமளவல்லிக்குச் சுருக்கென்றது. மந்திரி தெருவில் இரண்டு பக்கமும் புங்கமரம். வீட்டுக்கு வீடு கிணறு. கடலோரக் கீழக்குப்பத்திலோ இருந்த மரத்தையெல்லாம் கப்பல் கட்ட வெட்டியாகிவிட்டது. முந்தின நாள்தான் அங்கே தண்ணீர் சுமந்து வந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மயங்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனால் மந்திரியைப் பொய்யர் என்று சபையில் சொன்னால், சொன்ன நாக்கு மிஞ்சாது.

ஆகவே பவ்யமாகக் கைகூப்பினாள். "மந்திரியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு விண்ணப்பம் மட்டும். கீழக்குப்பத்தார் கருவாடு காயவைக்க நல்ல வெயில் வேண்டும். அவர் தெருவில் காயவைக்கலாமா?"

"வெயில் யார் வீட்டுச் சொத்து? தாராளமாகக் காயவைக்கட்டும்," என்றார் மன்னர். மறுத்தால் குளம் கைநழுவிவிடும் என்று மந்திரியும் தலையாட்டி வைத்தார்.

கோமளவல்லி நேரே குப்பத்துக்குப் போனாள். "நல்ல மீனைக் கொண்டுபோகாதீர்கள். விலைபோகாத மீனாகப் பார்த்து அள்ளுங்கள்," என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் குப்பமே கூடை கூடையாக வந்து இறங்கியது. மந்திரி வாசலில் நெத்திலி, படியில் சாளை, பல்லக்கு நிற்கும் இடத்தில் வாளை. புங்கமர நிழலில் எது காயும்? நாறியதுதான் மிச்சம். ஊர்ப் பூனையெல்லாம் அங்கே குடிவந்தது. மந்திரி மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பினார்கள்.

மந்திரி மூக்கைப் பொத்தியபடி சபைக்கு ஓடிவந்தார். "அரசே, அவர்களைப் போகச் சொல்லுங்கள். என் தெருவில் மீன் காயாது."

"ஏன் காயாது?"

"ஒரே நிழல், அரசே. எந்நேரமும் குளுகுளுவென்று இருக்கும்."

தாம் சொன்னது அப்போதுதான் மந்திரிக்கே உறைத்தது.

மன்னர் கோமளவல்லியின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் மீன் எங்கே காய்ந்தது?"

"கீழக்குப்பத்தில், அரசே. அங்கே மீனும் காயும், மனிதரும் காய்வார்கள்."

"குளம் அங்கேதான்," என்றார் மன்னர். "முதல் மண்ணை மந்திரியார் வெட்டுவார்." சொல்லிவிட்டுத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

மந்திரி அவள் பக்கமாக ஒதுங்கி, குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, குளம் போகட்டும். என் வாசலில் கிடக்கும் மீனையாவது எடுக்கச் சொல்லக் கூடாதா?"

"காய்ந்ததும் எடுத்துக்கொள்வார்கள், மந்திரியாரே," என்றாள் கோமளவல்லி. "குளுகுளுவென்ற தெரு என்று நீங்களே சொன்னீர்கள். ஒரு மாசமாவது ஆகும்."