எழும்பாத நுரை

"டீச்சர், ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவா?"

கேட்டவருக்கு வயசு அறுபத்திரண்டு. டீச்சருக்கு முப்பத்தெட்டு.

டாக்டர் கோமதிநாயகம் தூத்துக்குடியில் முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவர். ரீத்தம்மாள் பத்தாவதோடு படிப்பை விட்டவள். வீடுகளிலும் ஓட்டல்களிலும் இருக்கிற கடல் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவள் தொழில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் மீன் வாங்க வந்தார். முதலில் ரெண்டு மாசம் வெறும் தண்ணியை வளருங்க, மீன் பெறகு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மனுஷன் அப்படியே போய், மீன் இல்லாத தொட்டிக்கு முன்னால் இரண்டு மாசம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர். அப்படிக் கூப்பிடாதீங்க என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளாக இல்லை.

அவள் டிரம்மில் கடல் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ரிப்பேர் பண்ணிப் பாத்தீயளா?"

"பண்ணிட்டேன்."

"புதுசு?"

"அதுவும் வாங்கி மாட்டியாச்சு."

"பெறகு என்ன கேள்வி இது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

சேதி இதுதான். கடல் தொட்டிக்கு அடியில் ஸ்கிம்மர் என்று ஒரு மிஷின் இருக்கும். உப்புத் தண்ணீரில் காற்றை அடித்து நுரை எழுப்புவது அதன் வேலை. மீன் கழிவு, தீனி மிச்சம் எல்லாம் அந்த நுரையில் ஒட்டிக்கொண்டு குழாய்க் கழுத்து வழியாக ஏறி, மேலே இருக்கிற கப்பில் வழியும். கப்பில் அழுக்கு சேராவிட்டால் அந்த அழுக்கு தண்ணீரிலேயே கிடந்து அழுகும். ஒரு உயிர் செத்தால் போதும், அது மற்றதையெல்லாம் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

எட்டு நாளாகக் கப்பில் ஒரு சொட்டு அழுக்கு இல்லை.

மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டார். உள்ளே சுற்றுகிற சக்கரத்தை மாற்றினார். காற்றுக் குழாயில் உப்பு அடைத்திருக்குமோ என்று கம்பி விட்டுக் குத்தினார். ஒன்றுக்கும் மசியவில்லை. சரி, பழசுக்குக் காலம் முடிந்தது என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, சென்னையிலிருந்து புது மிஷின் வரவழைத்து மாட்டினார். அதுவும் உறுமுகிறது. குமிழி விடுகிறது. நுரை மட்டும் கழுத்தைத் தாண்டவில்லை.

ஒரு மிஷின் கெடலாம். இரண்டும் எப்படி ஒரே மாதிரி கெடும்?

தொட்டியில் கடல் சாமந்தி ஒன்று இருக்கிறது, பார்க்கப் பூ மாதிரி இருக்கிற ஒரு பிராணி. தட்டு அகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்தது, சுருங்கி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. அதில் குடியிருக்கிற கோமாளி மீன் ஜோடியில் பெண் மீன் மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் நிமிஷத்துக்கு நூற்றிருபது தடவை அடிக்கிறதாம். எண்ணியிருக்கிறார். மூச்சு விடுகிற எதைப் பார்த்தாலும் அவருக்கு எண்ணாமல் இருக்க முடியாது. தொழில் பழக்கம்.

"எதுவும் செத்துதா?"

"இன்னும் இல்லை. ஆனா என் கையில சாகப்போகுது, டீச்சர்."

சொல்லிக்கொண்டே கையை விரித்துப் பார்த்தார். வறண்டு வெடித்த கை. புறங்கையெல்லாம் சிவந்து கிடந்தது.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. ஊருக்கே தெரியும், அவர் எதிரே மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒரு காலத்தில் கைராசிக்காரர் என்று பேர். அவர் மயக்க மருந்து கொடுத்தால்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தவர்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷனுக்கு ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஆறு மாசம். டாக்டர் அவள் நெற்றியில் கை வைத்து, தூங்கும்மா, எழுப்பிவிடுகிறேன் என்றார். அவள் எழவில்லை.

விசாரணை நடந்தது. டாக்டர் பேரில் தப்பில்லை, அந்த மருந்து அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை முடிந்து தியேட்டருக்குத் திரும்பிய அன்று கை கழுவத் தொடங்கினார். கழுவினார். மறுபடியும் கழுவினார். உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் குழாயை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வேலையை விட்டார், கழுவுவதை விடவில்லை. இப்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் பேத்தி பிறந்த பிறகு அது இரண்டு மடங்கானது. தோல் வெடித்து ரத்தம் கசியவும், மனைவி பத்து நாளாகத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். தேய்த்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் கழுவுவார். மறுபடி தேய்த்துக்கொள்வார்.

இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. ரீத்தம்மாள் கேட்கவும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டிக்குள் கை விடுகிறீர்கள்?

டாக்டர் யோசித்தார். சாமந்தியைத் திருப்பி வைக்க. கல்லை நகர்த்த. பெண் மீனைத் தொட்டு உசுப்பிப் பார்க்க. பதினைந்து தடவை இருக்கும். இருபதும் இருக்கலாம்.

"வீட்டுக்குப் போங்க. குமிழி விடுற காத்துக்கல்லை ஓட விடுங்க, மூச்சுக்கு அது போதும். இந்த ரெண்டு கேன் தண்ணியை மாத்தி ஊத்துங்க. பெறகு மூணு நாளைக்குத் தொட்டியில கை விடப்படாது."

"மிஷினை?"

"அதையும் தொடப்படாது."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

அவள் வடிகட்டியை எடுத்துக்கொண்டு டிரம்முக்குத் திரும்பிவிட்டாள்.

•

சும்மா இருங்க என்று சொல்லிவிட்டுப் போவது யாருக்கும் சுலபம். இருந்து பார்த்தால் தெரியும்.

முதல் நாள் டாக்டர் குட்டி போட்ட பூனை மாதிரி தொட்டியைச் சுற்றி வந்தார். சாமந்தி இன்னும் சுருங்கினதாகத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூலையில் கிடந்த சிப்பி ஓட்டைக்கூடச் செத்த மீன் என்று நினைத்து வியர்த்துவிட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தொட்டி பயமுறுத்தாத நேரத்தில் பக்கத்து அறை பயமுறுத்தியது.

அங்கேதான் மகள் வடிவு பிள்ளையோடு இருந்தாள். பிள்ளை பிறந்து எண்பது நாள் ஆகிறது. தாத்தா இன்னும் தூக்கவில்லை. முதல் வாரம் சளி என்றார். அப்புறம் கை ஈரம் என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து இருவரையும் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அதற்குள் அப்பா ஒரே ஒரு தடவை தூக்கிவிட மாட்டாரா என்று வடிவுக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. கேட்டால் ஓடிவிடுவார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஆனால் அவர் நிலைப்படியில் வந்து நிற்பார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். நிமிஷத்துக்கு நாற்பது. உள்ளே ஒரு அடி வைத்தால் அது நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். படித்த மனுஷன், பைத்தியக்காரப் பயம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா? எண்ணி முடித்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்புவார். அங்கே நூற்றிருபது.

இரண்டாம் நாள் நூற்றுப் பத்து.

மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தார். மிஷின் கழுத்தில் நுரை ஏறியிருந்தது. பழுப்பு நுரை, கெட்டி நுரை. கப்பின் அடியில் தேநீர் நிறத்தில் ஒரு ஸ்பூன் அழுக்கு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அழுக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவர் கண் சாமந்திமேல் போனது. அதன் அடிப்பாதம் கல்லை விட்டு லேசாகத் தூக்கியிருந்தது. பெயர்ந்தால்? மிதந்து போய் மோட்டாரில் மாட்டினால்? மாட்டி அரைபட்டால் அதன் விஷம் தொட்டி முழுக்கப் பரவும். அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

ஒரே ஒரு தடவை. கை பரபரத்தது. விட்டார். பாதத்தைக் கல்லோடு சேர்த்து மெல்ல அழுத்தினார். எடுத்துவிட்டார். அரை நிமிஷம்கூட இருக்காது.

கழுத்தில் நின்ற நுரை தளர்ந்தது. பொத்தல் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி இறங்கி, கால் மணி நேரத்துக்குள் குழாயில் வெறும் தண்ணீர் கொப்பளித்தது.

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். போனில் ரீத்தம்மாளைக் கூப்பிட்டு, டீச்சர், மறுபடியும் செத்துவிட்டது என்றார். எது என்று அவள் கேட்டாள். அவர் போனைத் தரையில் வைத்துவிட்டார்.

•

ஸ்கூட்டரை வாசலில் போட்டுவிட்டு அவள் உள்ளே வந்தாள். மிஷினை ஒரு பார்வை பார்த்தாள். தொடவில்லை. டாக்டரின் வலது கை முழங்கைவரை ஈரமாக இருந்தது. நீர் தோலில் படியாமல் முத்து முத்தாக உருண்டு நின்றது.

"டாக்டரய்யா, உங்களுக்குச் சொந்த ஊரு உடன்குடிதான?"

"ஆமா." இப்போது ஊரைப் பற்றி என்ன கேள்வி என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"அண்டாவுல பதனி பொங்கி வழிய வந்தா என்ன போடுவாங்க?"

கருப்பட்டி காய்ச்சுகிற ஊரில் பிறந்தவருக்கு அது ஒரு கேள்வியா? சின்ன வயசில் அடுப்பு பக்கத்தில் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறார்.

"கொட்டமுத்து," என்றார். "ஆமணக்கு விதை ரெண்டை நசுக்கிப் போட்டா நுரை அப்படியே அடங்கிரும். அதுல இருக்கிற எண்ணெய்..."

வாய் அங்கேயே நின்றது.

ஜன்னலில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். தொட்டியில் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக ஒரு படலம் மினுங்கியது. இத்தனை நாளாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பழைய மிஷினும் நல்ல மிஷின்தான். புதுசும் நல்ல மிஷின்தான்.

ரீத்தம்மாள் பைக்குள்ளிருந்து கரி நிரப்பின துணிப்பை ஒன்றை எடுத்து, மிஷின் பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தொங்கவிட்டாள். எண்ணெயை அது குடித்துவிடும், நுரை எழும்ப ரெண்டு நாளாகும் என்றாள். சாமந்தி தானாகவே பாதத்தை ஊன்றிக்கொள்ளும் என்றும் சொன்னாள்.

டாக்டர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"அப்போ இது அத்தனையும் என் கைதான்."

அவள் கரிப்பையின் முடிச்சை இறுக்கினாள்.

"மூணு வருஷமா எல்லாரும் சொன்னாங்க, கையில தப்பில்லைன்னு. எனக்குத் தெரியும், டீச்சர். நான் பயந்தது சரிதான். இது ஆகாத கை. எதைக் காப்பாத்தப் போனாலும் அதைக் கொன்னுரும்."

சொல்லிக்கொண்டே இருந்தவர் பார்வை மறுபடி சாமந்திக்குப் போனது. அக்குளில் இருந்த வலது கை மெல்ல வெளியே வந்து தொட்டி விளிம்பைப் பிடித்தது. அவருக்கே அது தெரியவில்லை.

ரீத்தம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். பிறகு பக்கத்து அறைக்குப் போனாள்.

உள்ளே வடிவு பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து முடித்திருந்தாள். இரண்டு பேரும் என்னமோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். வடிவு முதலில் வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்புறம் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

ரீத்தம்மாள் பிள்ளையோடு வந்தாள். டாக்டர் எழுந்து ஓடுவதற்குள் மடியில் வைத்துவிட்டாள்.

அவர் கை இரண்டையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளை மடியில் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"வேண்டாம், டீச்சர். எடுத்துருங்க. கையெல்லாம் எண்ணெய்."

"பிள்ளைக்கு எண்ணெய் ஆகும்."

பிள்ளை இன்னும் சரிந்தது. கை தானாக இறங்கித் தாங்கிக்கொண்டது. ஒன்று தலைக்கு அடியில், ஒன்று முதுகுக்கு அடியில். வெடித்த கை, எண்ணெய்க் கை. பிள்ளையின் உடம்பும் எண்ணெயாகவே இருந்தது.

அவர் நெஞ்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பயம் கொஞ்சமும் குறையவில்லை, வியர்வை காது வழியாக இறங்கியது. பிள்ளை அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டது. இருபத்தேழில் எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். பதினொன்றில் தவறியது. அப்புறம் தொடங்கவில்லை.

வடிவு நிலையில் சாய்ந்து நின்று, அழுகை வெளியே வராமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மிஷின் குழாயில் வெறும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். இரண்டு கையும் வேலையாக இருந்தது.

"டீச்சர்," என்று கூப்பிட்டார். "எப்போ இறக்கணும்?"

ரீத்தம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நுரை வரட்டும்."